பிடி விட்டால் உட்கார்ந்துவிடுகிறான்: குழந்தைக்கு நிற்கும் சமநிலை எப்படி வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம் முடிந்துவிட்டது. நிறைமாதத்தில் பிறந்தவன். 7 மாதத்தில் உட்கார்ந்தான், 9 மாதத்தில் தவழ்ந்தான். இப்போது சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கிறான், பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்கிறான். கையை எடுத்தால் 2, 3 விநாடிதான், தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறான். சில நேரம் அப்படியே பின்னால் சாய்ந்து தலையை இடித்துக்கொள்கிறான். நாத்தனார் பிள்ளை 10 மாதத்திலேயே நடந்தது. மாமியார் வாக்கர் வாங்கச் சொல்கிறார்கள். ஷூ போட்டால் நிற்பான் என்று இன்னொருவர் சொல்கிறார். இதற்கிடையில் 5 வயது மகளுக்குக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்க வரவில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே ஏதாவது குறை இருக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மகன் பின்பக்கம் விழும் விதத்தை மட்டும் ஒரு வாரம் உற்றுக் கவனிக்க வேண்டும். எதைக் கவனிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். வாக்கர் வேண்டாம். வீட்டுக்குள் ஷூவும் வேண்டாம்.

வயதைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் அளவுகளை வெளியிட்டது. அதன்படி பிடி இல்லாமல் நிற்பது 6.9 மாதம் முதல் 16.9 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பதற்கு 8.2 முதல் 17.6 மாதம். சராசரி 11, 12 மாதம் என்று வருவதால் அதைத் தாண்டினாலே தாமதம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. 10 மாதத்தில் நடந்த பிள்ளையும் 16 மாதத்தில் நடந்த பிள்ளையும் ஒரே இயல்பு எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். உங்கள் மகன் உட்கார்ந்தது, தவழ்ந்தது, பிடித்து நிற்பது, பிடித்து நகர்வது என்று வரிசை சரியாகவே போகிறது. எனக்கு மாதக் கணக்கைவிட இந்த வரிசை முக்கியம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நிற்பது என்றால் அசையாமல் இருப்பது என்று நாம் நினைக்கிறோம். யாருமே அசையாமல் நிற்பதில்லை. நீங்கள் வெறுங்காலோடு, பாதங்களைச் சேர்த்து வைத்து அரை நிமிடம் நின்று பாருங்கள். உடம்பு முன்னும் பின்னுமாக நுண்ணியதாக ஆடிக்கொண்டே இருக்கும். கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் ஓயாமல் இறுகித் தளர்ந்து அந்த ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். நிற்கும் சமநிலை என்பது சாயாமல் இருப்பதல்ல, சாய்ந்த பின் மீள்வது. உங்கள் மகன் கற்றுக்கொண்டிருப்பது இந்த மீட்சியைத்தான். சாயவே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதைக் கற்க வழியில்லை.

குழந்தைக்கு இது நம்மைவிடக் கடினமான வேலை. பிறக்கும்போது தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அதனால் நமக்கு இடுப்பெலும்பு மட்டத்தில் இருக்கும் ஈர்ப்பு மையம், நிற்கும் குழந்தைக்குக் கீழ் விலா எலும்புகளின் மட்டத்தில் இருக்கிறது. மேலே கனம், கீழே சின்னப் பாதம். உயரமும் குறைவு. உள்ளங்கையில் நீளமான கம்பை நிறுத்துவது சுலபம். பென்சிலை நிறுத்தப் பார்த்தால் கையை நகர்த்துவதற்குள் விழுந்துவிடும். குட்டையான உடல் வேகமாகச் சாய்கிறது. ஆக, மீள்வதற்குக் கிடைக்கும் நேரமும் குழந்தைக்குக் குறைவு, அந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டிய நரம்பு மண்டலமும் இன்னும் முதிரவில்லை.

சாய்வதை உடலுக்குச் சொல்பவை மூன்று. கண்கள் சுற்றியுள்ள காட்சி நகர்வதைச் சொல்கின்றன. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு தலை சாய்வதையும் திரும்புவதையும் சொல்கிறது. உள்ளங்காலும் கணுக்கால் மூட்டும் எடை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்கின்றன. புதிதாக நிற்கும் குழந்தை இந்த மூன்றில் கண்ணையே மிக அதிகமாக நம்புகிறது. 1974-ல் லீ, ஆரன்சன் என்ற ஆய்வாளர்கள் சுவர்கள் மட்டும் நகரும்படி ஓர் அறையை அமைத்து, நிற்கத் தொடங்கியிருந்த குழந்தைகளை அதில் நிறுத்தினார்கள். தரை அசையவில்லை, குழந்தையை யாரும் தொடவும் இல்லை. சுவர் நகர்ந்ததும் குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் விழுந்தே விட்டார்கள். அக்கா பக்கத்தில் ஓடும்போது தம்பி தொப்பென்று விழுவதற்கு அவள் இடித்திருக்க வேண்டியதில்லை. அவன் பார்வையில் ஒரு பெரிய உருவம் நகர்ந்ததே போதும். ஆகவே பயிற்சி நேரத்தில் அவனை அசையாத பொருள்கள் இருக்கும் பக்கம் பார்த்து நிற்க வையுங்கள். சுழலும் விசிறி, ஆள் நடமாட்டம், டிவி எல்லாம் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

சாய்ந்தால் உடல் செய்வதை எதிர்வினைகள் என்கிறோம். இவை மூன்று அடுக்காக வருகின்றன. முதலில் வருவது நிமிர்வு எதிர்வினை: உடலைச் சாய்த்தால் தலை தானாக நேராக நிமிரும். இது 2 மாதத்திலிருந்து துளிர்க்கத் தொடங்குகிறது. அடுத்தது காப்பு எதிர்வினை: விழப்போகிறோம் என்றதும் கை நீண்டு தரையில் ஊன்றுவது. உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இது முன்பக்கம் 6-7 மாதத்திலும், பக்கவாட்டில் 7-8 மாதத்திலும், பின்பக்கம் 9-10 மாதத்திலும் வரும். பின்பக்கம் கடைசி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சமநிலை எதிர்வினை: கையை ஊன்றும் அளவுக்குப் போகாமல், முதுகுத்தண்டை எதிர்ப்பக்கம் வளைத்து, கை கால்களை விரித்து உடலை மீட்டுக்கொள்வது.

இந்த மூன்றாவதில் பெற்றோருக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு நிலைக்கான சமநிலை எதிர்வினை, குழந்தை அந்த நிலையைத் தாண்டி அடுத்ததற்குப் போகும்போதுதான் முதிர்கிறது. உட்காரும் நிலைக்கானது 7-8 மாதத்தில், அதாவது தவழத் தயாராகும்போது வருகிறது. தவழும் நிலைக்கானது 9 முதல் 12 மாதத்தில், எழுந்து நிற்கப் பழகும்போது. நிற்கும் நிலைக்கானது 12 மாதத்தில் தொடங்கி 21 மாதம் வரை எடுத்துக்கொள்கிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக்கூட நிற்கும் சமநிலை முழுதாக வந்திருக்காது. கால்களை அகட்டி வைத்து, கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடப்பது அதனால்தான். நடந்து சில மாதங்களான பிறகு கைகள் தாமாகக் கீழே இறங்கும், பாதங்கள் நெருங்கும். கையை இறக்கி நட என்று பழக்க வேண்டாம். அது அவனுடைய பாதுகாப்பு.

இப்போது அவன் விழும் விதம். ஷார்ட்ஸ் மட்டும் போட்டு, வெறுங்காலோடு நிற்கவிட்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், விவரம் முழுக்கப் பாதத்தில் இருக்கிறது. உடம்பு முன்னால் சாயும்போது கால்விரல்கள் மடங்கித் தரையைப் பற்றும், விரல் நுனிகள் வெளுக்கும். பின்னால் சாயும்போது நேர்மாறு: விரல்கள் தரையை விட்டு மேலே எழும், கணுக்காலின் முன்பக்கத்தில் நரம்புபோலத் தெரியும் தசைநாண்கள் புடைக்கும், வயிறு இறுகும், கைகள் முன்னுக்கு வரும். இதெல்லாம் நடந்தும் விழுகிறான் என்றால் எதிர்வினை இருக்கிறது, வேகம்தான் இன்னும் போதவில்லை. குதிகால் கணுக்காலுக்குப் பின்னால் கொஞ்சமே நீண்டிருப்பதால் பின்பக்கம் சாய இடம் குறைவு. பின்னால் விழுவது முன்னால் விழுவதைவிட அடிக்கடி நடப்பதற்கு அது ஒரு காரணம்.

அடுத்து முழங்காலைப் பாருங்கள். இடுப்பையும் முழங்காலையும் மடக்கிப் பிட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் நல்லது. உட்காருவதும் ஒரு திறன்தான். தொடைத் தசை எடையைத் தாங்கியபடி மெல்ல நீள வேண்டும். தொப்பென்று விழுவது அந்தத் தசை இன்னும் பலப்பட வேண்டும் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. முழங்கால் மடங்காமல், விரல்களும் எழாமல், உடம்பு மொத்தமும் விறைத்தபடி பின்னால் சாய்ந்து, கையும் வராமல் தலை முதலில் தரையில் படுகிறது என்றால், அது அநேகமாக ஒவ்வொரு முறையும் நடக்கிறது என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கால் தசைகளில் இறுக்கம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். எப்போதாவது ஒரு முறை, சோபாவில் முதுகைச் சாய்த்திருந்தபோது வழுக்கி விழுந்தான் என்பது இந்தக் கணக்கில் வராது.

காப்பு எதிர்வினையை வீட்டிலேயே பார்க்கலாம். மெத்தையில் அவனை உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து விளையாட்டுக் காட்டியபடியே தோளை மெதுவாகப் பக்கவாட்டில் சாயுங்கள். சாயும் பக்கத்துக் கை விரிந்து ஊன்ற வேண்டும். பிறகு மறுபக்கம். கடைசியாகப் பின்பக்கம், உங்கள் இன்னொரு கை அவன் தலைக்குப் பின்னால் தயாராக இருக்கட்டும். இரண்டு கையும் ஒரே வேகத்தில் வருகிறதா, உள்ளங்கை விரிகிறதா, முஷ்டியாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கக் கை மட்டும் தொடர்ந்து தாமதிப்பது அல்லது வராமலே போவது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இனி பழக்கும் முறை. தினமும் 3 அல்லது 4 முறை, ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 நிமிடம் போதும். தூக்கமும் பசியும் இல்லாத நேரமாக இருக்கட்டும். அழுதால் அன்றைக்கு அந்தப் பயிற்சி முடிந்தது.

முதலில் நிறுத்தும் இடத்தைச் சரிசெய்யுங்கள். சோபா அவன் மார்பு உயரத்துக்கு இருந்தால் வயிற்றையும் மார்பையும் அதில் சாய்த்துக்கொண்டு நிற்பான். கால் வேலை செய்யாது. தொப்புள் உயரமுள்ள ஸ்டூல் நல்லது. அதில் கையை வைக்கலாம், சாய முடியாது. விளையாட்டுப் பொருளை ஸ்டூலின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள். பழகியதும் அதை அவன் பின்பக்கவாட்டில், தோள் உயரத்தில் நீட்டுங்கள். ஒரு கையை எடுத்து, இடுப்பைத் திருப்பி வாங்கும்போது எடை ஒரு காலுக்கு மாறும். பிறகு இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய, லேசான பந்தைக் கொடுங்கள். இரண்டு கையும் நிரம்பியதை மறந்து சில விநாடி பிடியில்லாமல் நிற்பான். அந்த விநாடிகளை எண்ணிச் சத்தமாகக் கைதட்டிவிடாதீர்கள், திடுக்கிட்டு உட்கார்ந்துவிடுவான்.

பொருளை எட்டி எடுக்கும்போது விழுகிறான் என்றால் அதற்கும் காரணம் உண்டு. நாம் கையை நீட்டுவதற்குக் கணநேரம் முன்பே கால் தசைகள் இறுகிவிடுகின்றன. கையின் எடை முன்னுக்குப் போகப் போகிறது என்று உடல் முன்கூட்டியே தயாராகிறது. குழந்தைக்கு இந்த முன்தயாரிப்பு பலமுறை செய்து செய்துதான் வரும். எனவே எட்டும் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்: முதலில் முழங்கை மடங்கிய தூரம், பிறகு கை நீட்டிய தூரம், அதன் பிறகு அதைவிட 3, 4 செ.மீ. கூடுதலாக.

அடுத்தது சாய்த்து மீளவிடும் பயிற்சி. உங்கள் மகனுக்கு இதுதான் மிக முக்கியம். அவன் பின்னால் மண்டியிட்டு உட்காருங்கள். அக்குளில் பிடிக்க வேண்டாம், கையையும் பிடிக்க வேண்டாம், இடுப்பெலும்பின் இரு பக்கமும் பிடியுங்கள். மெதுவாக அவன் எடையை வலப்பக்கம் 2, 3 செ.மீ. நகர்த்திவிட்டு, அப்படியே பிடித்தபடி 1, 2 விநாடி காத்திருங்கள். அவனே இடது பக்கம் இழுத்து நேராக வருவான். அந்த இழுப்பு உங்கள் உள்ளங்கையில் தெரியும். அது தெரிவதற்கு முன்பே நீங்கள் நேராக்கிவிட்டால் பயிற்சி வீண். பக்கத்துக்கு 5, 6 முறை, பிறகு முன்னும் பின்னும். பின்பக்கம் மட்டும் பாதி அளவு. ஒரு வாரம் இப்படிச் செய்தபின் பிடியைத் தொடைக்கு இறக்குங்கள். பிடி கீழே இறங்க இறங்க, அவன் திருத்த வேண்டிய உடற்பகுதி கூடுகிறது.

தொடை பலத்துக்கு இரண்டு விளையாட்டுகள். பாதம் முழுதும் தரையில் படும்படி, முழங்கால் செங்கோணமாக இருக்கும் குட்டி ஸ்டூலில் உட்கார வைத்து, பொருளை முன்னால், முகத்துக்குச் சற்று மேலே காட்டுங்கள். எழுந்து வாங்கி, திரும்ப உட்காரட்டும்; ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை. உட்காரும்போது பொருளை மெல்லக் கீழே இறக்கினால் அவனும் மெல்ல உட்காருவான், தொப்பென்று விழுவது குறையும். இன்னொன்று, ஸ்டூலை ஒரு கையால் பிடித்தபடி தரையில் கிடக்கும் பொருளைக் குந்தி எடுப்பது. தரையிலிருந்து எடுக்கச் சிரமப்பட்டால் முதலில் பொருளை முழங்கால் உயரமுள்ள பெட்டியில் வையுங்கள்.

இதெல்லாம் நன்றாக வந்ததும் இரண்டு ஸ்டூல்களுக்கு இடையில் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஒரு கையை இதிலிருந்து அதற்கு மாற்றுவான். 30 செ.மீ. ஆக்கினால் ஒரு கணம் இரண்டு கையும் காற்றில் இருக்கும். 45 செ.மீ. ஆக்கும்போது ஓர் அடி எடுத்து வைத்தே ஆக வேண்டும். சாய்ந்தால் கணுக்காலால் மீள்வது, அது போதாவிட்டால் இடுப்பை மடக்கி மீள்வது, அதுவும் போதாவிட்டால் ஓர் அடி எடுத்து வைத்து மீள்வது என்று நமக்கு மூன்று வழிகள் உண்டு. அடி எடுத்து வைத்து மீளும் வழி, நடந்து பழகிய பிறகுதான் குழந்தைக்கு நம்பகமாக வரும். அதனால் முதல் வாரங்களில் நடந்துகொண்டே விழுவான், விழட்டும். கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். விழுவது கற்றலின் பகுதி. தரையில் கனத்த விரிப்பு, மேசை முனைகளுக்கு உறை, ஓடி விளையாடும் அக்காவுக்குத் தனி மூலை, இவை உங்கள் பொறுப்பு. தலையில் அடிபட்டு நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் விழிக்காத தூக்கக் கலக்கம் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெத்தை, தலையணை மேல் நிற்கப் பழக்குவதை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். மெத்தை உள்ளங்காலின் செய்தியை மழுங்கடிக்கிறது. கடினமான தரையில் 10 விநாடி ஆட்டமில்லாமல் நின்ற பிறகு அதற்குப் போகலாம்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடத்துவதை எல்லோரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அப்போது சமநிலை முழுதும் உங்களுடையது. குழந்தை உங்கள் கையில் தொங்கி, எடையை நுனிக்காலுக்குக் கொண்டுபோகிறது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் அவன் மார்பு மட்டத்துக்குக் கீழே, ஒரு விரலைக் கொடுத்து நடத்துங்கள்.

வாக்கர் இதைவிட மோசம். உட்காரும் துணி கால்களுக்கிடையில் தாங்குவதால் காலில் முழு எடை இறங்காது. நுனிக்காலால் தரையை உந்துவதே பழக்கமாகும். முன்னால் இருக்கும் தட்டு பாதத்தை மறைப்பதால் கால் எங்கே படுகிறது என்று கண் பார்க்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் இருக்கும்போது குழந்தை சாய்வதே இல்லை. சாயாத உடலுக்கு மீளக் கற்க எதுவும் இல்லை. நடப்பதை வாக்கர் முன்னதாகக் கொண்டுவருவதில்லை, சில ஆய்வுகளில் தாமதப்படுத்தியதும் தெரியவந்தது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடா 2004-ல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. மாமியாரிடம் இதையே சொல்லுங்கள். பேரன் நடக்க வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறார்கள், காரணம் தெரிந்தால் புரிந்துகொள்வார்கள். பின்னால் நின்று தள்ளும் வண்டி வேறு பொருள். அதை வாங்கலாம், ஆனால் அவன் சாய்ந்தால் வழுக்கி ஓடாதபடி உள்ளே கனமான பொருள்களை வைத்து எடை கூட்டுங்கள்.

ஷூ பற்றி: தடித்த அடிப்பகுதி உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவே நின்று செய்தியைக் குறைக்கிறது. வெளியில் போகும்போது மட்டும், கையால் எளிதில் வளையும் மெல்லிய அடிப்பகுதி உள்ளது போதும். பாதம் தட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இந்த வயதில் கொழுப்புத் திண்டு வளைவை மறைத்திருக்கும். தடித்த, நனைந்த டயப்பரும் கால்களை அகட்டிவிடும். பயிற்சி நேரத்தில் அதைக் கழற்றிவிடுங்கள்.

இனி மகள். 5 வயதுப் பிள்ளைக்குக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்க வரவில்லை என்பதைக் குறையாகச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. கண் திறந்த நிலையில் 3 வயதில் 1 முதல் 3 விநாடி, 4 வயதில் 5 விநாடியை ஒட்டி, 5 வயதில் 8 முதல் 10 விநாடி என்பதே பொதுவாக எதிர்பார்க்கும் அளவு. கண்ணை மூடுவது மூன்று செய்தியாளர்களில் குழந்தை அதிகம் நம்பும் ஒருவரைப் பிடுங்கிவிடுவது. 4 முதல் 6 வயது ஒரு மாற்றக் காலம். கண்ணையே அதிகம் நம்பியிருந்த மூளை, கால் சொல்வதையும் உட்செவி சொல்வதையும் சேர்த்து எடைபோடப் பழகுகிறது. ஷம்வே-குக், வூலகாட் ஆகியோர் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், தளத்தை அசைத்தபோது இந்த வயதுப் பிள்ளைகளின் தசைகள், அவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளைக் காட்டிலும் தாமதமாகவும் முறைக்கு முறை மாறுபட்டும் இயங்கின. 7 முதல் 10 வயதுக்காரர்கள் ஏறக்குறையப் பெரியவர்கள் போலவே மீண்டார்கள். ஆக, இந்த இடைக்காலத்தில் ஒரு நாள் நன்றாக நிற்பதும் மறுநாள் தடுமாறுவதும் இயல்பு.

வீட்டில் நீங்களே சரியாக அளந்து பாருங்கள். வெறுங்கால், கடினத் தரை, கைகள் இடுப்பில், 2 மீட்டர் தூரத்தில் கண் மட்டத்தில் ஒரு புள்ளி. தூக்கிய கால் நிற்கும் காலில் படக் கூடாது. தூக்கிய கால் தரையைத் தொடும்போதோ, நிற்கும் கால் இடம் மாறும்போதோ, கை இடுப்பை விட்டு எடுபடும்போதோ நேரத்தை நிறுத்துங்கள். காலுக்கு 3 முறை, அதில் நல்லதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் சில விநாடி வித்தியாசம் இருப்பது சகஜம். ஒரு கால் 8 விநாடியும் மற்றது 1 விநாடியுமாக, நாள் மாறினாலும் அப்படியே இருந்தால் காட்ட வேண்டும். பழக்குவதற்கு, தூக்கிய காலை முதலில் பந்தின் மேலோ தாழ்ந்த படியின் மேலோ லேசாக வைக்கச் சொல்லுங்கள். நின்றபடியே பேண்ட் போடுவது, தரையில் ஒட்டிய கோட்டில் குதிகாலை விரல் நுனியோடு சேர்த்து வைத்து நடப்பது, நொண்டி அடிப்பது, தலையணை மேல் நின்று பந்து பிடிப்பது, இவை தினமும் 10 நிமிடம் போதும். கண் மூடுவது கடைசி. அதையும் இரண்டு காலில், சுவரின் மூலையில் நிற்கவைத்துத் தொடங்குங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகன் 17 மாதம் முடிந்தும் பிடி விட்டு நிற்காவிட்டால், 18 மாதத்தில் நடக்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் மருத்துவர் முன்பு குறித்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிட்டு வயதைத் திருத்திக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. எப்போதும் நுனிக்காலிலேயே நிற்பது, கால்கள் கத்தரிபோல் குறுக்கிடுவது, ஒரு பக்கக் கை காலை மட்டும் பயன்படுத்துவது, உடம்பு தளர்ந்து கையிலிருந்து நழுவுவது போன்றவை எந்த மாதத்தில் தெரிந்தாலும் காட்ட வேண்டியவை. பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளுக்குச் சமநிலை உறுப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். கூப்பிட்டால் திரும்பவில்லை என்ற சந்தேகம் இருந்தால் கேட்டல் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் தேங்கும் பிள்ளைகளும் தடுமாறுவதுண்டு, அதைச் சரிசெய்யலாம்.

ஓடி விளையாடும் வயதுப் பிள்ளைகளில் வேறு சில அறிகுறிகள். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறுவது, படியேறத் திணறுவது, கெண்டைக்கால் மட்டும் பருத்திருப்பது ஆகியவை, முக்கியமாக ஆண் பிள்ளைகளில், தசை நோயைச் சுட்டலாம், தசை நொதியை அளக்கும் சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்ற ரத்தப் பரிசோதனை அதற்கான முதல் படி. நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று தள்ளாடினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலையில் தலைவலியோடு வாந்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது இவற்றோடு தடுமாற்றமும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வந்த திறன் எதுவானாலும் போய்விட்டால், எந்த வயதிலும், அது அவசரம்.

மகனை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்ட முடிவெடுத்தால் இரண்டு வீடியோ கொண்டுபோங்கள். ஒன்று பக்கவாட்டிலிருந்து, போனைத் தரையோடு வைத்து, பாதம் முதல் தலை வரை தெரியும்படி: எழுவது, பிடி விடுவது, விழுவது. இன்னொன்று பின்பக்கமிருந்து, சோபாவைப் பிடித்து இரு பக்கமும் நகர்வது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். புது இடத்தில் குழந்தை அம்மா மடியை விட்டு இறங்காமல் போனாலும், பார்க்க வேண்டியதை அந்த இரண்டு நிமிடத்தில் அவர்கள் பார்த்துவிடுவார்கள்.